கொம்பு பஸ் திரும்பிய தட்டு

ஜெனிதாவின் ஸ்கூட்டர் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்த ஸ்கூட்டரும் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆனால் நேற்று மாலை அது பின்கேட்டைப் பார்த்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் பெனடிக்ட் மேலே போயிருந்தான். எல்லா வண்டிகளும் கேட்டுக்கு முகம் காட்டியே நிற்க வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம். தீப்பிடித்தால் வண்டிகள் தாமாகவே கிளம்பி வெளியே போய்விடும் என்று சங்கம் நம்பியது போலிருக்கிறது. அந்த வளாகத்தில் தீர்மானத்தைக் கடைசி எழுத்து வரை மதித்தவன் பெனடிக்ட் ஒருவன்தான். மனைவி ஜெனிதா செத்த பிறகும் மதித்தான். மதிக்க வேறு எதுவும் மிச்சமில்லாததும் ஒரு காரணம்.

யாராவது உருட்டிக்கொண்டு போய்த் திருப்பியிருப்பார்கள் என்று நினைக்க வழியில்லை. அந்த வண்டி உருளாது. சிங்காநல்லூர் சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு மழை நாளில், லாரிக்கு அடியில் போய் வந்ததிலிருந்து அதன் முன்சக்கரம் கோணி மட்கார்டோடு சிக்கிக் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து டெம்போவில் வந்ததை நாலு பேர் தூக்கிக் கேட்டைப் பார்த்து இறக்கி வைத்தார்கள். மெக்கானிக் வந்து பார்த்தான், பேட்டரியைக் கழற்றிக்கொண்டான், இதற்குச் செலவு பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். ஹெல்மெட் மட்டும் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆக வண்டி திரும்பவில்லை. அதன் கீழே இருந்த தட்டு திரும்பியிருந்தது.

அந்தத் தட்டைப் பற்றி ஜெனிதாவுக்குத்தான் முழுக்கத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து தட்டின்மேல் வட்டமாக நிற்கவைத்துக் கதை சொல்வாள். இந்த இடம் ஒரு காலத்தில் தனபாக்கியம் மில்லின் தொழிலாளர் லைன், வரிசை வீடுகள். மில் முதலாளி சீமைக்குப் போனார், அங்கே மேலே ஓடும் மின்கம்பியை இரண்டு கொம்புகளால் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸைப் பார்த்தார். கோயமுத்தூர்க்காரருக்கு ஒன்றைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது, ஊருக்கு வந்து அதையே செய்யத் தோன்றும். செய்தார். மில்லுக்கும் லைனுக்கும் நடுவே கொம்பு பஸ் ஓடியது. லைன் முடிகிற இடத்தில் இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் கோயில். பஸ் திரும்ப இடமில்லை. இதை அவர் பஸ் செய்து முடித்த பிறகுதான் கவனித்தார். அதனால் பஸ்ஸைத் திருப்புவதை விட்டுவிட்டு, தரையைத் திருப்ப முடிவெடுத்தார். பவுண்டரியில் பஸ் நீளத்துக்கு ஒரு இரும்புத் தட்டு வார்த்து, அடியில் உருளைகள் வைத்து, விளிம்பில் இடுப்பு உயரத்துக்கு நாலு கைப்பிடிகள் பொருத்தினார். பஸ் வந்து தட்டில் ஏறும். கொம்புகளை இறக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். வந்தவர்கள் எல்லாரும், மேஸ்திரி முதல் கூட்டிப்பெருக்கும் ஆள் வரை, இறங்கித் தள்ளுவார்கள். தட்டு அரைச்சுற்று சுற்றும். பஸ் மில்லைப் பார்த்து நிற்கும்.

மில் போனது, பஸ் போனது, கம்பிகள் போயின. லைனை இடித்துக் கட்டிய குடியிருப்புக்கு மில்லின் பெயரையே வைத்தார்கள். தட்டைப் பெயர்க்கக் கிரேன்காரன் கேட்ட தொகையைக் கேட்டதும் அதைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம் போட்டுப் பார்க்கிங் ஆக்கினார்கள். கார் வைத்திருந்த யாரும் அதை ஏற்கவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினால் கார் லேசாக ஆடுகிறதாம். எனவே கார் இல்லாத, கார் ஓட்டத் தெரியாத, ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாமல் மனைவியின் பின்னால் உட்கார்ந்தே ஊரைச் சுற்றிய பெனடிக்டுக்கு அது வந்து சேர்ந்தது.

கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. எழவு வீட்டுக்காரர்கள் தட்டைத் தள்ளக் கூடாது என்று ஒரு வழக்கம். ஏன் என்றும் ஜெனிதா சொன்னாள். அவன் அப்போது சமையலறையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம்ம்" என்றான். அவள் சொல்லி முடித்ததும் இன்னொரு "ம்ம்" போட்டான். காரணம் அந்த இரண்டு "ம்ம்"களுக்கு நடுவில் எங்கேயோ போய்விட்டது.

இப்போது அவன் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். ஸ்கூட்டர் ஒன்று மட்டும் இருந்ததால் ஒற்றை ஆளுக்கே தட்டு அசைந்துகொடுத்தது. அடியில் உருளைகள் கரகரவென்று அரைத்தன. வண்டி மறுபடியும் பின்கேட்டைப் பார்த்தது. பின்கேட்டுக்கு வெளியே ஒரு மண்பாதை. மண்பாதையின் முடிவில் கல்லறைத் தோட்டம். ஜெனிதா இப்போது அங்கேதான் இருந்தாள்.

மறுநாள் மாலை அவன் கம்பெனி விட்டு வந்தபோது ஸ்கூட்டர் வீட்டைப் பார்த்து நின்றது.

வாட்ச்மேன் நஞ்சுண்டனிடம் கேட்டான். நஞ்சுண்டன் இருமலை முடித்துவிட்டு, தனக்கு மூட்டுவலி, பார்சலை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோவதே பெரும்பாடு, இதில் இரும்பைச் சுற்றுவதற்குச் சங்கம் தனியாகச் சம்பளம் தருகிறதா என்று விசாரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நானு அந்தப் பக்கம் பாக்கறதே இல்லீங்க. விளக்கு வைக்கற நேரத்துல அங்க ஏதோ பஞ்சு வாசம் வருதுங்க. மில்லு போயி எத்தன வருசமாச்சு? பஞ்சுக்கு எங்கீங்க போறது?"

நஞ்சுண்டனின் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னது மூக்குக்கும் பரவிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெனடிக்ட் நினைத்தான். நினைத்துக்கொண்டே ஹெல்மெட்டைப் பார்த்தான். மழை பெய்யவில்லை. இருந்தும் அதன் கண்ணாடியில் உட்பக்கமாக ஆவி படிந்திருந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் சிறியதானது. பிறகு கொஞ்சம் பெரியதானது.

அவசர அவசரமாகத் தட்டைத் தள்ளினான். கேட்டைப் பார்க்க வைத்தான். படியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தூறலோடு விடிந்து தூறலோடு சாய்ந்தது. வண்டி வீட்டைப் பார்த்துத்தான் நின்றது. அதைத் திருப்பிவைத்துவிட்டுத்தான் மேலே வந்தான். சமையலறை ஜன்னலோரம் நின்று, ஜெனிதா வாங்கிவைத்த டீத்தூளின் அடிப்பகுதியைச் சுரண்டி டீ போட்டுக்கொண்டிருந்தான்; பால் பொங்கும் சத்தம், பக்கத்து வீட்டுச் சீரியலில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்தும் சத்தம், சன்ஷேடிலிருந்து தகரத்தில் சொட்டும் நீரின் சத்தம், இவற்றுக்கெல்லாம் அடியில், மாவு அரைக்கும் கல் வெகுதூரத்தில் மெதுவாகச் சுற்றுவது போல இன்னொரு சத்தம் கேட்டது. அது கொஞ்ச நேரமாகவே இருந்திருக்கிறது. மற்ற சத்தங்களில் ஒன்று நின்றபோதுதான் அது தெரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் யாருமில்லை. மங்கிய வெளிச்சத்தில் அதன் ஈர விளிம்பு ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது, மறுபடி ஒரு விரற்கடை நகர்ந்தது. பலமில்லாத ஒருவர் மூச்சு வாங்கி, மூச்சு வாங்கித் தள்ளுவது போல. ஸ்கூட்டரின் முகம் கேட்டிலிருந்து விலகி, சுவரைத் தாண்டி, பாதாம் மரத்தைத் தாண்டி, கட்டடத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பால்கனியாக. ஒவ்வொரு ஜன்னலாக.

பேட்டரி இல்லாத வண்டியின் ஹெட்லைட் மஞ்சளாக மினுங்கியது.

அவன் கீழே ஓடினான். ஏன் ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. பயத்தில் ஆட்கள் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடுவார்கள். அவனுக்கு இருந்த ஒரே எண்ணம், அது தன் ஜன்னலுக்கு நேராக வந்துவிடக் கூடாது என்பதுதான். கைப்பிடியைப் பற்றினான். இரும்பு சூடாக இருந்தது, யாரோ இதுவரை பிடித்துக்கொண்டிருந்தது போல. தள்ளினான். தட்டு அசையவில்லை. சற்று முன் ஒற்றை ஆளுக்கு அசைந்த தட்டு. இன்னும் அழுத்தித் தள்ளினான். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியிலிருந்து அதே அளவு பலம் திருப்பி அவனைத் தள்ளியது. அங்கே ஒன்றுமில்லை. மழை மட்டும். ஆனால் மழை அந்தக் கைப்பிடிக்கு மேலே ஒரு இடத்தில் நேராக விழாமல், எதன் மேலோ பட்டு வழிந்து இறங்கியது.

கண்ணை மூடிக்கொண்டான். தோளைக் கொடுத்தான். காலை ஊன்றினான். தள்ளினான்.

எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுத்தது.

தட்டு கேட்டுப் பக்கம் சரசரவென்று சுழன்று நின்றது. தரையில் யாரோ தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. அழுகையாக வெளிவராத ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவன் மேலே போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியவர்கள் மாலையாகியும் தரவில்லை. சங்கத்தின் ஜெனரேட்டர், பொதுக்குழுவில் ஆண்டுதோறும் பாராட்டப்படுவது, அன்றும் ஓடவில்லை. வீடுகளின் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. பொழுது சாய்கிற நேரத்தில் கீழ்வீட்டு மோகனப்பிரியா ஒரு தூக்குப்பாத்திரத்தில் ரசமும் கையில் மெழுகுவத்தியுமாக வந்தாள். ஜெனிதாவுக்கு வாக்கிங் துணை அவள். கதை கேட்கும் துணையும் அவள்தான். பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. நேத்து மழையில அந்தத் தட்டைத் தள்ளுனது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றான். தினமும் தள்ளுவதாகவும், சங்கத்தின் தீர்மானம் அப்படி என்றும் சொன்னான்.

"ஜெனிக்கா உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"நான் போனப் பாத்துட்டிருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். நீங்க 'ம்ம்' போட்டே பாதி கல்யாண வாழ்க்கைய ஓட்டிப்போட்டீங்கண்ணா என்று முன்பு ஒருமுறை கேலி செய்திருக்கிறாள். இப்போது மெழுகுவத்தியின் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஜெனிதா சொன்ன கதையை அவள் சொன்னாள்: லைனில் யாராவது செத்தால், இந்துவோ கிறிஸ்தவரோ, மில் முதலாளி கொம்பு பஸ்ஸைத்தான் அனுப்புவாராம். பிணத்தோடு பஸ் தட்டில் வந்து ஏறும். அதற்கு மேல் மண்பாதை, தூக்கித்தான் போக வேண்டும். ஆனால் இறக்குவதற்கு முன்னால் பஸ்ஸைத் தட்டோடு ஒருமுறை சுற்றுவார்கள். பாடையை வழியில் திருப்பி எடுப்பார்களே, அதுபோல.

"செத்தவங்களுக்குத் திசை தப்பிப்போகோணும்னுதானுங்க சுத்தறது. இல்லீன்னா ஊட்டுக்குத் திரும்பி வந்துருவாங்கல்ல? ஆனா அத அக்கம்பக்கத்தவங்கதான் செய்யோணும். சொந்தக்காரங்க எறங்காம பஸ்ஸுக்குள்ளயே உக்காந்துக்குவாங்களாம். சொந்தக் கை பட்டுச்சுன்னா..." அவள் நிறுத்தினாள். "நீ வராதே, போன்னு நாமளே வாயத் தொறந்து சொன்ன மாதிரிங்களாம். அந்தக் கொடுமை யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் அப்படியொரு வழக்கம் வச்சிருந்தாங்கன்னு ஜெனிக்கா சொல்லுவாங்க."

ரசம் சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்லிவிட்டு அவள் போனாள். மெழுகுவத்தியை விட்டுவிட்டுப் போனாள்.

பெனடிக்ட் அசையாமல் நின்றான். கணக்கு ஒன்றும் கடினமாக இல்லை. ஒவ்வொரு நாளும் ஜெனிதா வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறாள். கோணிய சக்கரத்தோடு, பலமில்லாத கையோடு, விரற்கடை விரற்கடையாக. ஒவ்வொரு மாலையும் அவன் இறங்கிப் போய், அவளைப் பிடித்து, கல்லறைப் பக்கம் திருப்பிவிட்டு வந்திருக்கிறான். நேற்றுத் தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறான். தொப்பென்று உட்கார்ந்தவள் அவள்.

மெழுகுவத்தியை ஜன்னல் விளிம்பில் நிறுத்தினான். வீடு தெரியட்டும் என்று. கதவைத் தாழ் போடாமல் கீழே இறங்கினான்.

ஸ்கூட்டர் நேற்று அவன் விட்ட நிலையிலேயே இருந்தது. கேட்டைப் பார்த்து. இன்று தட்டு ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்கவில்லை. அதுதான் அவனை உடைத்தது. முயற்சி செய்வதை அவள் விட்டுவிட்டாள்.

கைப்பிடியைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டான். தொடக் கூடாது. எழவு வீட்டுக்காரன் உட்கார வேண்டும். மற்றவர்கள் தள்ள வேண்டும். அவன் தட்டின் மேல் ஏறி, ஈரமான பின்சீட்டில், எப்போதும் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"நான் தள்ளலை," என்றான். "நீ வா, ஜெனி."

தூறல் நின்றிருந்தது. வாய்க்கால் பக்கமிருந்து தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கட்டடத்தில் எங்கேயோ ஒரு குழந்தை அழுதது, யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள். பிறகு தவளைகள் நின்றன. குழந்தையும் நின்றது. முதலில் வாசம்தான் வந்தது: ஈரப்பஞ்சும் எந்திர எண்ணெயும் கருகிய மின்கம்பியும் சேர்ந்த, மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் தலைமுடியில் இருக்கும் வாசம். பிறகு தலைக்கு மேலே, கம்பி ஏதுமில்லாத வானத்தில், இரண்டு கம்பிகள் ரீங்கரிப்பது கேட்டது. பிறகு கால்கள். வெறுங்கால்கள். ஈரத் தரையில் நிறைய. யாரும் பேசவில்லை. துக்க வீட்டு ஊர்வலத்தில் நடப்பது போல் நடந்துவந்து தட்டைச் சுற்றி நின்றார்கள்.

நாலு கைப்பிடிகளும் முனகின.

தட்டு நகர்ந்தது.

கேட் விலகியது. சுவர் வந்தது. பாதாம் மரம். ஸ்கூட்டரின் முன்பக்கம் மெதுவாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். மழைக்கோட்டின் சரசரப்பு. அவளுடைய பவுடர் வாசம்.

அவன் அழுதுவிட்டான். நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவள் இடுப்பை ஒருநாளும் பிடித்ததில்லை; தோளைத்தான் பிடிப்பான். இப்போதும் தோளில் கை வைத்தான்.

தோள் தோளாக இல்லை. கயிறாக இருந்தது. மழைக்கோட்டுக்குள் சதையும் எலும்பும் ஒன்றோடொன்று பின்னி, திருகி, அளவுக்கு மீறி முறுக்கேறிய நூல் போல விறைத்து நின்றது. எத்தனை மாலைகள் திருப்பினானோ, அத்தனை முறுக்கு. இன்னொன்று ஏறினால் அறுந்துவிடும்.

கைகள் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தன. முழங்கால்கள் முன்பக்கம் பார்த்தன.

ஹெல்மெட் அவனைப் பார்த்தது.

உட்பக்கம் ஆவி. வட்டம். பெரிதாகி, சிறிதாகி.

"ஏனுங்க," என்றாள் ஜெனிதா. ஞாயிற்றுக்கிழமை குரல். வெட்கப்பட்ட குரல். சின்ன விஷயம் ஒன்றை மறந்துபோனவளின் குரல். "நம்ம ஊடு எந்தப் பக்கமுங்க?"

அவன் வாயைத் திறந்தான். கட்டடத்தைப் பார்த்தான்.

எல்லா ஜன்னலிலும் ஒரு மெழுகுவத்தி எரிந்தது.

தட்டு நிற்கவில்லை; திசை தப்பத்தானே சுற்றுகிறார்கள். ஜன்னல், ஜன்னல், சுவர், கேட், மரம், ஜன்னல். எல்லாம் ஒரே சுடர். ஒரே மஞ்சள். எது தன்னுடையது? எது? அவன் கையைத் தூக்கி ஒரு சுடரைச் சுட்டினான். அது நகர்ந்துபோனது. அடுத்ததைச் சுட்டினான். அதுவும் போனது. விரல் சுவரைச் சுட்டியது. கேட்டைச் சுட்டியது. மறுபடி ஜன்னலை.

ஜெனிதா அவன் விரலை நம்பினாள். அது போன பக்கமெல்லாம் ஹெல்மெட் திரும்பியது. ஒரு முழுச் சுற்று. பிறகு இன்னொன்று. உடம்பு அசையவில்லை. கழுத்துக்குள் ஏதோ இழை இழையாக இறுகும் சத்தம்.

அவனால் கையை இறக்க முடியவில்லை.